ஒரு வரி கோடிங் தெரியாமல் கேம் பாய் விளையாட்டு: முதல் முறை செய்பவர்களுக்கு

நான் டிடிபி வேலை பார்ப்பவன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று இருபது வருடம் ஓடிவிட்டது. கோடிங் தெரியாது. போன வருடம் ஜிபி ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளை வைத்து, காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதையைப் பதினைந்து நிமிட விளையாட்டாகச் செய்து முடித்தேன். ஐந்து மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம், முதல் நாளே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த நாலு விஷயத்தையும், அதோடு சேர்ந்த மற்றதையும் உங்களுக்காக எழுதுகிறேன்.

ஜிபி ஸ்டூடியோவில் கோடிங் தேவையில்லை. காட்சிகளை மவுஸால் இழுத்து வைக்கிறோம், ஆட்களை நிறுத்துகிறோம், "இவரிடம் பேசினால் இது நடக்கட்டும்" என்று பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கிறோம். கடைசியில் கிடைக்கும் கோப்பு நிஜமான கேம் பாயிலும் (நிண்டெண்டோவின் பழைய கைவிளையாட்டுக் கருவி) ஓடும், அந்தக் கருவியைப்போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற கணினி மென்பொருளிலும் ஓடும். இணையத்தில் வைத்தால் கைபேசி பிரவுசரிலும் ஓடும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். கோடிங்தான் போய்விட்டது, அந்தப் பழைய கருவியின் அளவுகள் போகவில்லை. எவ்வளவு பெரிய படம், எத்தனை நிறம், ஒரு வரியில் எத்தனை எழுத்து என்பதெல்லாம் இரும்புக் கணக்கு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வரைந்தால் வேலை ஓடும். வரைந்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

1. கணினியைத் தொடும் முன் ஒரு தாள்

கதையை ஒரு தாளில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் யார் நிற்கிறார், எதைக் கண்டால் அடுத்த இடம் திறக்கும் என்பது மட்டும் போதும். முதல் விளையாட்டுக்கு ஆறு இடங்களைத் தாண்டாதீர்கள். என்னுடையதில் வீடு, தெரு, டீக்கடை, கண்மாய், கோயில், ஆலமரம் என்று ஆறுதான். முதலில் பதினான்கு வைத்திருந்தேன். வார இறுதியில் மட்டும் உட்காருகிறவருக்கு ஓர் இடம் முழுதாக முடிய, படம், ஆட்கள், பேச்சு எல்லாம் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் ஆகும். பதினான்கு என்றால் வருடம் முடிந்துவிடும். பாதியில் விட்டுவிடுகிற விளையாட்டுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால் விடப்படுகின்றன.

2. இறக்கி நிறுவுதல்

மென்பொருள் ஜிபி ஸ்டூடியோவின் சொந்தத் தளத்திலும், விளையாட்டுகளைப் பகிரவும் விற்கவும் உதவும் இட்ச் தளத்திலும் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. கட்டணம் இல்லை. எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். அதை வைத்துச் செய்த விளையாட்டை நீங்கள் விற்றாலும் அவர்களுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. நான் பயன்படுத்தியது 4-ஆம் பதிப்பு.

மேக் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் கமாண்ட் லைன் டூல்ஸையும், உபுண்டு வைத்திருப்பவர்கள் பில்ட் எசென்ஷியல் தொகுப்பையும் முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், கடைசியில் விளையாட்டைக் கட்டும்போது நின்றுவிடும்.

பிராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். அப்புறம், பேக்கப் எடுக்கும்போது பிராஜெக்ட் கோப்பை மட்டும் எடுக்காதீர்கள். படங்கள், இசை, எழுத்துரு எல்லாம் பக்கத்திலேயே அசெட்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். முழு ஃபோல்டரையும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். நான் ஒரு தடவை பிராஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திறந்தால் காட்சிகள் எல்லாம் படமில்லாமல் வெறும் கட்டமாக நின்றன.

புதிய பிராஜெக்ட் தொடங்கும்போது மாதிரி விளையாட்டோடு தொடங்கவா, வெறுமையாகத் தொடங்கவா என்று கேட்கும். முதல் வாரம் மாதிரியைத் திறந்து, ஒவ்வொரு ஆளையும் கிளிக் செய்து, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் சொந்த விளையாட்டை வெறும் பிராஜெக்ட்டில் தொடங்குங்கள். மாதிரியின் மேலேயே கட்டினால் அதன் படமும் இசையும் எங்காவது ஒட்டிக்கொண்டு கடைசிவரை வரும்.

3. வரைவதற்கு முன் மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள்

என் இரண்டு மாதத்தைத் தின்றது இந்தப் பகுதிதான். நிதானமாகப் படியுங்கள்.

திரை 160 பிக்சல் அகலம், 144 பிக்சல் உயரம். பின்னணிப் படம் குறைந்தது அந்த அளவாவது இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஆள் நடக்க நடக்கத் திரை நகரும். எந்த அளவாக இருந்தாலும் அகலமும் உயரமும் 8-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்.

நிறம் நான்கே நான்கு. உங்கள் வரையும் மென்பொருளில் இந்த ஆர்ஜிபி எண்களை வைத்து ஒரு பேலட் சேமித்துக்கொள்ளுங்கள்: கருமை 7, 24, 33. அடர்பச்சை 48, 104, 80. இளம்பச்சை 134, 192, 108. வெளிர் 224, 248, 207. இதைத் தவிர வேறு நிறம் படத்தில் இருந்தால் மென்பொருள் பக்கத்து நிறமாக மாற்றிக்கொள்ளும், ஓரங்கள் புள்ளி புள்ளியாகச் சிதையும். அதனால் பிரஷ் வேண்டாம், பென்சில் கருவி மட்டும். பிரஷ் ஓரத்தை மழுப்பி, கண்ணுக்குத் தெரியாமல் பத்து நிறம் சேர்த்துவிடும். சேமிப்பது பிஎன்ஜியில்தான், ஜேபெக் கூடவே கூடாது.

இனி முக்கியமான எண்: 192. கேம் பாய் படத்தை முழுப் படமாகப் பார்ப்பதில்லை. 8 பிக்சலுக்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிப் பார்க்கிறது. அந்தக் கட்டத்தை டைல் என்கிறார்கள். தரையில் பதிக்கும் டைல்ஸ் மாதிரியேதான். ஒரு முழுத் திரைக்கு 20-க்கு 18 என்று 360 டைல். ஆனால் ஒரு காட்சியில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட டைல்கள் 192-தான் இருக்கலாம். அப்படியானால் கிட்டத்தட்டப் பாதித் திரை திரும்பத் திரும்ப வரும் டைல்களால் நிரம்ப வேண்டும். ஒரே புல் டைலை நூறு இடத்தில் வைத்தாலும் கணக்கில் ஒன்றுதான். ஒரு பிக்சல் மாறினாலும் அது புது டைல். கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி வைத்தாலும், இந்த நான்கு நிற முறையில், அது தனி டைல்தான்.

என் டீக்கடைக் காட்சியைச் சொல்கிறேன். ஓட்டுக்கூரை, பாய்லர், கண்ணாடி ஜாடிகள், பெஞ்சு என்று ஆசையாக வரைந்து உள்ளே கொண்டுவந்தேன். 311 டைல் என்று எச்சரிக்கை வந்தது. ஜாடிகளை எடுத்தேன், பெஞ்சை எடுத்தேன், கொஞ்சம்தான் குறைந்தது. கடைசியில் 8 பிக்சல் கிரிட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கூரை ஓடுகளைக் கிரிட்டைப் பார்க்காமல், கொஞ்சம் கூடக் குறைய அகலத்தில் வரைந்திருந்தேன். ஒவ்வொரு ஓடும் கட்டத்தை வேறு வேறு இடத்தில் வெட்டியதால், பார்க்க ஒரே மாதிரி இருந்த கூரை முழுக்க வேறு வேறு டைலாகக் கணக்கில் ஏறியிருந்தது. ஓடுகளை 8 பிக்சலாக்கிக் கிரிட்டில் உட்காரவைத்தேன். கூரை முழுவதும் நான்கு டைலில் அடங்கியது. ஜாடிகளையும் பெஞ்சையும் திரும்ப வைத்தும் மொத்தம் 150-க்குள் நின்றது.

அதனால் வரையும்போது கிரிட்டை எப்போதும் போட்டே வைத்திருங்கள். முதலில் டைல்களை வரைந்து, பிறகு அவற்றை அடுக்கிக் காட்சியாக்குங்கள். டைல்டு என்ற இலவச மென்பொருள் இந்த அடுக்கும் வேலைக்கென்றே இருக்கிறது. வரைவதற்கு லிப்ரெஸ்பிரைட், பிரவுசரிலேயே ஓடும் பிஸ்கெல் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். ஏஸ்பிரைட் நல்ல கருவி, விலை சுமார் 20 டாலர். முதல் விளையாட்டுக்கு அவசியமில்லை.

தலைப்புப் பக்கத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. காட்சியின் வகையை லோகோ என்று வைத்தால் 160-க்கு 144 முழுப் படத்துக்கும் டைல் வரம்பு கிடையாது. அங்கே உங்கள் கைவண்ணத்தைக் காட்டலாம். ஆனால் அந்தக் காட்சியில் ஆட்களை நிறுத்த முடியாது.

4. ஆட்கள்

நடமாடும் ஆட்களுக்கு ஸ்பிரைட் என்று பெயர். இதற்கு நிறம் மூன்றுதான்: கருமை, இளம்பச்சை, வெளிர். நான்காவது இடம் ஒளிபுகும் பகுதிக்கு. அதைப் பளிச்சென்ற பச்சையால் நிரப்ப வேண்டும். அதன் எண் 101, 255, 0. அடர்பச்சையை ஸ்பிரைட்டில் பயன்படுத்தாதீர்கள்.

ஓர் ஆளுக்கு 16-க்கு 16 பிக்சல் போதும். அந்த அளவில் முகம் வரைய இடம் இல்லை. இரண்டு புள்ளி கண், தலைமுடியின் வடிவம், உடையின் வடிவம், இவ்வளவுதான் ஆளைக் காட்டும். என் தாத்தாவை அடையாளம் காட்டியது தோளில் கிடந்த துண்டு, மூன்று பிக்சல் அகலத்தில்.

இங்கே ஒரு பொறி. கேம் பாய் திரையின் ஒரு கிடைக்கோட்டில் 10 ஸ்பிரைட் துண்டுகளைத்தான் காட்டும். ஒவ்வொரு துண்டும் 8 பிக்சல் அகலம், ஆகவே 16 பிக்சல் ஆள் ஒருவர் இரண்டு துண்டு. ஐந்து பேர் ஒரே வரிசையில் நின்றால் தீர்ந்தது. ஆறாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் மறைந்துபோவார். கோயில் வாசலில் வரிசையாக ஏழு பேரை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் ஏன் தெரியவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடியிருக்கிறேன். நகராத ஆட்களைப் பின்னணிப் படத்திலேயே வரைந்துவிடுங்கள். அவர்களிடம் பேசவேண்டுமானால் அவர்களுக்கு முன்னால் டிரிகர் ஒன்றை வைத்தால் போதும். டிரிகர் என்பது, ஆள் மிதித்ததும் நாம் சொன்னதை நடத்தும், கண்ணுக்குத் தெரியாத கட்டம்.

5. நடப்பவற்றைக் கோத்தல்

காட்சிகளை உள்ளே கொண்டுவந்ததும் முதல் வேலை, எங்கே நடக்கலாம், எங்கே முடியாது என்று பூசுவது. விசைப்பலகையில் சி-யை அழுத்தினால் அதற்கான பிரஷ் வரும். ஏ அழுத்தினால் ஆள், டி (T) அழுத்தினால் டிரிகர், இ அழுத்தினால் அழிப்பான். இந்த நான்கும் கைக்குப் பழகிவிட்டால் வேகம் இரட்டிப்பாகும்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது என்ன நடக்கவேண்டும் என்ற பட்டியல், உண்டு. "ஏ பட்டனை அழுத்திப் பேசினால்" என்ற இடத்தில் உரையாடலைச் சேர்க்கிறோம். அதற்குக் கீழே "இந்த மாறியை உண்மை என்று வை" என்கிறோம். இன்னோர் இடத்தில் "அந்த மாறி உண்மையானால் இது, இல்லையானால் அது" என்கிறோம். விளையாட்டு முழுக்க இந்த மூன்றின் கலவைதான். மாறி என்பது ஒரு சீட்டு மாதிரி: டீக்கடை அண்ணனிடம் பேசியாயிற்று, பேசவில்லை என்று டிக் போட்டு வைக்கும் சீட்டு. 512 பொது மாறிகள் இருக்கின்றன, உங்களுக்கு முப்பதுகூடத் தேவைப்படாது. ஆனால் ஒவ்வொன்றையும் தொட்ட உடனே பெயர் மாற்றுங்கள். மாறி 0, மாறி 1 என்று விட்டுவைத்தால் ஒரு வாரம் கழித்து எது எதற்கு என்று தெரியாது.

புதியவர் எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. சிறுமி கண்மாயில் மணியைக் கண்டெடுக்கிறாள், மணியை மறைத்துவிடுகிறோம். தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால் மணி மறுபடி அங்கேயே கிடக்கும். காரணம், ஒவ்வொரு முறை காட்சிக்குள் நுழையும்போதும் ஆட்களும் பொருட்களும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். மாறிகள் மட்டும்தான் நினைவில் நிற்கும். ஆகவே காட்சி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டில், "மணி எடுத்தாயிற்று என்ற மாறி உண்மையானால் மணியை மறை" என்று ஒரு வரி வைக்க வேண்டும். எடுக்கக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும், இடம் மாறும் ஒவ்வொரு ஆளுக்கும் இது தேவை. தாளில் எழுதும்போதே அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவையுங்கள்.

இன்னொன்று சின்னது. கதவு வழியாக அடுத்த காட்சிக்குப் போகும்போது ஆள் இறங்கும் இடத்தை, அந்தப் பக்கக் கதவின் டிரிகருக்கு ஒரு கட்டம் தள்ளி வையுங்கள்.

6. தமிழில் பேச வைக்க

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆங்கிலத்தில் செய்கிறவர்களுக்கு உதவி நிறையக் கிடைக்கிறது, தமிழுக்கு நான் தேடியபோது எதுவும் அகப்படவில்லை.

யூனிகோடில் தமிழை அடித்து உரையாடலில் ஒட்டினால் வேலை செய்யாது. மென்பொருளில் ஓர் எழுத்து என்றால் எழுத்துருப் படத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான். "கே" என்று வந்தால் கொம்பைக் கொண்டுபோய் முன்னால் போடவேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அடுத்து, பேச்சு முழுவதையும் படமாக வரைந்து காட்சியாக வைத்துப் பார்த்தேன். ஒரு பத்திப் பேச்சே 192 டைலைத் தின்றுவிட்டது. தலைப்புக்கு அது சரி, உரையாடலுக்குச் சரிவராது.

வழி பிறந்தது எங்கள் தொழிலில் இருந்துதான். பாமினி எழுத்துருவில் டைப் செய்தவர்களுக்கு உடனே புரியும். அங்கே ஆங்கில எம் விசையில் "அ" உட்கார்ந்திருக்கும், கே விசையில் "ம" இருக்கும். கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். கணினி அது தமிழ் என்றே நினைக்காது, படத்தை மட்டும் மாற்றிக் காட்டும். ஜிபி ஸ்டூடியோவிலும் அதையே செய்யலாம். எழுத்துரு என்பது ஒரு பிஎன்ஜி படம்: குறுக்கே 16 கட்டம், கீழே 14 கட்டம், ஆக 224. ஆங்கில எழுத்துகள் இருக்கும் கட்டங்களில் தமிழ் எழுத்துகளை வரைந்து, ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும். எந்த எழுத்தை அடித்தால் எந்தக் கட்டம் என்பதை மாற்ற வேண்டுமானால், அதே பெயரில் ஒரு ஜேசன் கோப்பைப் பக்கத்தில் வைக்கலாம்.

தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே, 224 போதுமா என்று பயப்பட வேண்டாம். 12 உயிர், ஓர் ஆய்தம், க முதல் ன வரை 18, புள்ளி வைத்தவை 18, கு வரிசை 18, கூ வரிசை 18. மொத்தம் 85. துணைக்கால், இரண்டு சுழி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று ஆறு. டி, டீ இரண்டும் ஒட்டிய வடிவம் என்பதால் தனியாக இரண்டு. ஜ, ஷ, ஸ, ஹ, அவற்றின் புள்ளி வடிவங்கள் எட்டு. எண்கள் பத்து. நிறுத்தற்குறிகள் பத்து என்று வைத்தாலும் 121-க்குள் முடிந்துவிடுகிறது. ஙு, ஙூ மாதிரி வராதவற்றை விட்டுவிட்டால் இன்னும் குறையும். பாமினியில் புள்ளியைத் தனி விசையாக அடிப்போம், அது முந்தைய எழுத்தின் தலைமேல் போய் உட்காரும். இங்கே ஒரு கட்டத்தின் மேல் இன்னொன்று ஏறாது. அதனால்தான் மெய்யெழுத்து 18-க்கும் தனிக் கட்டம் கேட்கிறேன்.

டாலர், ஹாஷ் குறிகள் இருக்கும் கட்டங்களில் தமிழ் எழுத்தை வைக்காதீர்கள். உரையாடலுக்குள் மாறியின் மதிப்பைக் காட்ட மென்பொருள் அவற்றைத்தான் பயன்படுத்துகிறது. பாமினிப் பழக்கத்தில் நான் டாலரில் "கூ" வைத்திருந்தேன். "கூப்பிடு" என்று எழுதிய இடத்தில் எல்லாம் பேச்சு குழம்பியது.

வரைவதில் கஷ்டம், 8 பிக்சல் உயரத்தில் புள்ளிக்கும் இடம் வேண்டும் என்பது. எழுத்துக்கு ஐந்து அல்லது ஆறு வரி, ஓர் இடைவெளி, மேலே புள்ளி. "ண" 8 பிக்சல் அகலத்துக்குள் அடங்கவே அடங்காது, அதை இரண்டு கட்டமாகப் பிரித்துவிட்டேன். "ள", "ன" இரண்டும் நெருங்கித் தெரியும். அவற்றை நாலு பேரிடம் காட்டி, எது எது என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். எழுத்துருவுக்கு எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின.

ஒரு வரிக்கு 18 கட்டம். "ஆட்டுக்குட்டி எங்கே போனது?" என்று தாத்தா கேட்கவேண்டும். எண்ணிப் பாருங்கள்: முதல் சொல் ஏழு, இடைவெளி ஒன்று, எங்கே என்பதில் கொம்பைச் சேர்த்து நான்கு, இடைவெளி ஒன்று, போனது என்பதில் கொம்பும் காலும் சேர்த்து ஐந்து. 18 முடிந்தது. கேள்விக்குறி மட்டும் தனியாக அடுத்த வரியில் போய் நின்றது. "குட்டி எங்கே போனது?" என்று மாற்றினேன், 15-இல் முடிந்தது. தாத்தா நிஜத்தில் அப்படித்தான் கேட்பார் என்று அப்போது தோன்றியது. எழுத்துத் தமிழைவிடப் பேச்சுத் தமிழ் இந்தச் சின்னப் பெட்டிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

உரையாடல்களை முதலில் ஒரு விரிதாளில் யூனிகோடு தமிழில் எழுதிவைத்து, பக்கத்துப் பத்தியில் விசை வடிவத்தை வையுங்கள். மென்பொருளுக்குள் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் இருக்கும், பிழை திருத்த முடியாது.

7. இசை

கேம் பாய்க்கு ஒலி எழுப்ப நான்கு சானல், அதாவது நான்கு தனித் தடங்கள்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ் (இரைச்சல்). மென்பொருளுக்குள்ளேயே இசை எடிட்டர் இருக்கிறது. இசை தெரியாவிட்டால் எட்டு சுரத்தில் ஒரு சின்ன மெட்டைச் சுழலவிடுங்கள், போதும். சத்தங்களும் இதே நான்கு சானலைத்தான் பிடிக்கும். சத்தம் வரும்போது இசையில் ஒரு சுரம் அறுந்தால் அது பிழையில்லை. எனக்கு ஒரு வார இறுதி ஆனது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இசையையோ படத்தையோ எடுத்தால், எடுத்த அன்றே ஒரு கோப்பில் குறித்துவையுங்கள்: யாருடையது, எந்தப் பக்கம், எந்த உரிமம், எந்தத் தேதி. உரிமம் தெரியும்படி பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம். சிசி0 என்றால் எதுவும் கேட்காது. சிசி பிஒய் என்றால் இறுதித் திரையில் பெயர் போட்டே ஆகவேண்டும். என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) என்று இருந்தால் விற்கும் விளையாட்டில் போடக்கூடாது. "இலவசம்" என்று மட்டும் எழுதி உரிமம் சொல்லாத எதையும் தொடாதீர்கள்.

8. சோதனை

முக்கோணப் பொத்தானை அழுத்தி நீங்களே ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. நீங்கள் சரியான வழியில்தான் போவீர்கள். மூன்று பேரிடம் கொடுங்கள், பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். என் அக்கா மகள் டீக்கடைக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் போனாள், கதை அங்கேயே முட்டி நின்றது. எந்த வரிசையில் போனாலும் வழி இருக்கிறதா என்று தாளை வைத்துச் சரிபாருங்கள். எம்ஜிபிஏ, சேம்பாய் மாதிரி வேறு எமுலேட்டர் ஒன்றிலும் முழுக்க ஓட்டுங்கள். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

9. வெளியிடுதல்

ஏற்றுமதியில் வெப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஃபோல்டர் கிடைக்கும். அதற்குள் இருக்கும் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். ஃபோல்டரை வெளியிலிருந்து ஜிப் செய்தால் இண்டெக்ஸ் கோப்பு ஓர் அடுக்கு உள்ளே போய்விடும், இட்ச் தளத்தில் விளையாட்டு திறக்காமல் போகலாம். இட்ச் கணக்குக்குக் கட்டணம் கிடையாது. பிராஜெக்ட் வகையை எச்டிஎம்எல் என்று வைத்து, ஜிப்பை ஏற்றி, பிரவுசரில் விளையாடலாம் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். அளவு 480-க்கு 432 என்று கொடுங்கள், திரையின் சரியாக மூன்று மடங்கு. ஏதோ ஓர் அளவு கொடுத்தால் பிக்சல்கள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் தெரியும். கைபேசிக்கு ஏற்றது என்ற பெட்டியையும் டிக் செய்யுங்கள். தொடு பொத்தான்கள் தானாக வரும்.

ரோம் கோப்பையும் (கேம் பாயில் ஓடும் விளையாட்டுக் கோப்பு) தனியாக இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள், கருவி வைத்திருப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அட்டைப் படத்தில் நிண்டெண்டோவின் பெயரையோ லோகோவையோ போடாதீர்கள், அவை வணிக முத்திரைகள்.

ஸ்டீம் என்ற விளையாட்டு விற்கும் தளத்தில் வெளியிட விளையாட்டு ஒன்றுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். வருமானம் 1000 டாலரைத் தாண்டினால்தான் அது திரும்பி வரும். கட்டியதிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும், "விரைவில்" என்ற பக்கம் இரண்டு வாரமாவது நிற்க வேண்டும். முதல் விளையாட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

10. பணம் வாங்க நினைத்தால்

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இட்ச் தளம் வழக்கமாக 10 சதவீதம் எடுக்கும், அதை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம். பணம் செலுத்தும் சேவையின் கட்டணம் தனி.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பான் கார்டு, வங்கிக் கணக்கு, வெளிநாட்டுப் பணம் வாங்கும் சேவை ஒன்றில் கணக்கு. அந்தச் சேவையில் எதற்காகப் பணம் வருகிறது என்று ஒரு பர்ப்பஸ் கோடு தேர்ந்தெடுக்கச் சொல்லும். மென்பொருள் தொடர்பானதைத் தேர்ந்தெடுங்கள். இட்ச் தளத்தில் வரி நேர்காணல் என்று ஒரு படிவம் வரும். அமெரிக்கர் அல்லாத தனிநபருக்கு அது டபிள்யூ-8பென். வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். என் வங்கிக் கணக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் இடத்தில். பணம் வாங்கும் சேவையில் நான் இனிஷியலே இல்லாமல் பதிந்திருந்தேன். மூன்றும் மூன்று ஆள் என்று பார்த்துக் கணக்கை நிறுத்திவைத்தார்கள். பான் கார்டு நகலை இரண்டு தடவை அனுப்பினேன், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. கடைசியில் வங்கிக்குப் போய், பானில் இருப்பதுபோலவே பெயரை மாற்றித் தரச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். வங்கியில் பத்து நாள், அதற்குப் பிறகு சேவையில் ஒரு வாரம். அதுவரை விற்ற காசு அப்படியே நின்றது. நீங்கள் விளையாட்டை வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பானில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் மாற்றுவதுதான் சுலபம்.

வரும் தொகை சின்னதாக இருந்தாலும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாத அறிக்கையையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள், ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார். டபிள்யூ-8பென் படிவம் கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்றாவது வருடத்தின் டிசம்பர் 31 வரைதான் செல்லும். 2025-இல் போட்டால் 2028 டிசம்பர் வரை. அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.